கண்டல் காட்டின் எதிரி

“கொக்கையும் நண்டையும் பாத்துக்கொண்டிருந்தாச் சனத்தின்ர வயிறு நிரம்புமோ? கண்டல் முழுக்கத் தறிச்சு விழுத்துங்கோ.” யோகலிங்கம் மேசையில் ஓங்கி அடித்தார்.

லண்டன் ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். 1995 தை மாதம், இலங்கையில், ஊரில் சண்டை நின்றிருந்த நேரம். ஊரின் கடலோரச் சேற்றில் வளர்ந்த கண்டல் காட்டை அழித்து இறால் பண்ணை போட, கொழும்புக் கம்பனி ஒன்று லண்டனிலிருந்த ஊர்ச் சங்கத்தைப் பங்குக்குக் கூப்பிட்டிருந்தது. ஏழைப்பட்ட சனத்துக்கு வேலை கிடைக்குமே என்று பாதிப்பேருக்கு மேல் தலையாட்டியும் விட்டார்கள்.

யோகலிங்கம் வாயைத் திறந்ததும்தான் மண்டபத்தின் முகம் மாறியது. சங்கத்தில் யாருக்கும் அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. பொங்கல் விழாவுக்குக்கூட, அவர் சொன்ன மண்டபத்தை விட்டுவிட்டு ஒழுகுகிற மண்டபத்தை எடுத்த சங்கம் அது.

“அங்கை இருக்கிறது படிக்காத சனம். அதுகளுக்கு என்ன நல்லதெண்டு நாங்கள்தான் சொல்லவேணும்,” என்றார் அடுத்து.

இல்ஃபோர்டிலிருந்து வந்திருந்த சிவகௌரி எழுந்தார். வரும்போது பண்ணைக்கு ஆதரவாக இருந்தவர்தான்.

“அண்ணை, உங்கட சொந்தத் தங்கச்சி அந்தக் கண்டலுக்குள்ளை நண்டு பிடிச்சுத்தான் பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்துறா. காடு போனா அவ எங்கை போறது?”

“பண்ணையிலை கூலிக்குப் போகட்டும். நீர் வீட்டிலை ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இங்கை வந்து காடு கதைக்காதையும்.”

“நீங்களெல்லாம் மனுசரோ?” பின்வரிசையிலிருந்து பெனடிக்ற் பாய்ந்து வந்தார். கதிரை ஒன்று சரிந்தது. அடிபிடி வந்துவிடும் என்று பயந்த தலைவர் ஆனந்தராஜா, அவசரமாகக் கையுயர்த்தச் சொன்னார்.

பண்ணைக்கு உயர்ந்தது யோகலிங்கத்தின் கை மட்டும். காடு தப்பியது. அதற்குப் பதிலாக ஊருக்கு வலையும் வள்ளமும் வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. யோகலிங்கத்துக்கு ஒருவரும் தேத்தண்ணிகூட நீட்டவில்லை.

ஸ்டேஷனுக்கு நடக்கையில் மனைவி கனகாம்பிகை பொரிந்து தள்ளினார்.

“கூடப்பிறந்தவளின்ர சோத்திலை மண்ணள்ளிப் போட நிண்டியளே. இப்பிடி ஒரு கல்நெஞ்சை நான் கண்டதில்லை. இனி உங்களோடை ஒரு கூட்டத்துக்கும் வரமாட்டன்.”

யோகலிங்கம் கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார்.

“காட்டைத் தொடாதையுங்கோ எண்டு நான் சொல்லியிருந்தா, எல்லாருமாச் சேந்து வெட்டியிருப்பினம்.”