மூலைக்கு மூலை

நான்கு பக்க அளவையும் போட்ட பிறகும் கைப்பேசி விடை தரவில்லை.

ஐந்தாவதாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. மூலைக்கு மூலை நீளம் வேண்டுமாம்.

சனியன்.

மனையின் எதிர் மூலையில் தங்கை செண்பகம் டேப்பின் நுனியை எல்லைக் கல்லோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு கட்டப்போகிறாள். எஸ்டிமேட் போட்டுச் சொல்ல அண்ணனைச் சென்னையிலிருந்து வரவழைத்தவள் அவள்தான்.

அறுபது அடி. தட்டினான்.

2094 சதுர அடி.

அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதே 2094.

பத்திரத்தில் 2400 என்றிருந்தது. எழுதச் சொன்னவன் அவன்.

அப்பா இறந்த வருடம் பாகம் பிரித்தார்கள். நேரான மனை அவனுக்கு, நாற்பதுக்கு அறுபது. கோணல் மனை அவளுக்கு. முன்னால் முப்பது, பின்னால் ஐம்பது. ஒரு பக்கம் ஐம்பது, மறுபக்கம் எழுபது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் அதே நாற்பது, அதே அறுபது. ஊரே அப்படித்தான் போடும். இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மூலைக்கு மூலை ஒருதடவை பிடித்துப் பார்த்துவிடலாமா என்று.

என்ன கோபம் வந்தது அவனுக்கு! கூடப்பிறந்தவன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கத்தினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பேப்பரில் கோடு இழுத்தபோதே அவனுக்கு உறுத்தியது. உறுத்தியதால்தான் கத்தினான்.

தன் மனையை அவன் விற்று ஆறு வருடம் ஆகிறது. இனி ஒரு அடிகூடத் திருப்பித் தர வழியில்லை.

எஸ்டிமேட் பக்கத்தைத் திறந்து அவள் சொன்னதையெல்லாம் போட்டான். ஹால், அடுப்படி, மூன்று ரூம். ஒன்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். ஒன்று பிள்ளைகளுக்கு.

மூன்றாவது அவனுக்கு. மதினி இறந்த பிறகு அண்ணன் வாடகை வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அவளாகவே முடிவு பண்ணியிருந்தாள்.

சுற்றிலும் விடவேண்டிய காலியிடத்தைக் கழித்துக்கொண்டு சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. இடம் போதாது.

அவனுக்கு அவமானமாக இருந்தது. அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"முந்நூறு அடி கொறயுது, செம்பகம். அன்னைக்கே கொறஞ்சிருக்கு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"ஹாலச் சுருக்கிப் போடுண்ணே. ஒன் ரூமுல கை வைக்காத."

அவன் டேப்பைச் சுருட்டப் பார்த்தான்.

அவள் இன்னும் நுனியை விடவில்லை.