விழும் நேரம்

நீர்த்தொட்டியின் உச்சியில் நடந்த படப்பிடிப்பில் கயிறு அறுந்து, சண்டைக் கலைஞர் ஏகாம்பரம் விழுந்து இறந்தார். அக்காட்சி படத்தில் அப்படியே இடம்பெற்றது. ஒரு மூச்சு விடும் நேரமே நீடித்த அந்த வீழ்ச்சிக்கு, இசையமைப்பாளர் தேவசகாயம் அதே அளவில் வயலின்களை இறங்கச் செய்திருந்தார். பல்லாண்டுகள் கழித்து அப்படத்தின் இசையை மேடைக்கென ஒரு பெரும் வாத்தியக் குழுவுக்கு அவர் விரித்தெழுதியபோது, அளந்து நிறுத்தத் திரை இல்லாமையால் அவ்விறக்கம் நீண்டது, தயங்கியது, மீண்டும் இறங்கியது.

ஒத்திகையில் முதல் வயலின்காரர் சிரித்தார். "இன்னும் ஒரு சுத்து சுத்தலாம் சார். சனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க."

விருந்தினராக அழைக்கப்பெற்றிருந்த ஏகாம்பரத்தின் மனைவி நாகம்மாள் மேடையருகே வந்தார்.

"சார், படத்துல சட்டுனு கீழ வந்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் இத்தினி வருஷமா மனச தேத்திக்கினு இருந்தேன். நீங்க எம்மா நேரம் அவர அந்தரத்துல வச்சிருந்தீங்க?"

"இது வெறும் இசைதாம்மா." சொன்ன நாவே தேவசகாயத்துக்குக் கசந்தது.

"அப்ப சீக்கிரமா எறக்கி வுட்டுருங்க சார்."

நீட்டிய பகுதி முழுவதையும் அவர் தாளில் அடித்து நீக்கிவிட்டு, பழைய அளவையே வாசிக்கச் சொன்னார்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. வயலின்கள் உச்ச சுரத்தில் நின்று, இறங்குவதற்காக, குழுவை நடத்திய தேவசகாயத்தின் கையை நோக்கின. முன்வரிசையில் நாகம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டார். உயர்த்திய கையைத் தேவசகாயத்தால் தாழ்த்த இயலவில்லை.