இலவச இணைப்பு

“அரசர்கள் அழிவார்கள். அரண்மனைகள் இடியும். கலை ஒன்றே நிற்கும். கலைஞர்களுக்கு இந்த நாடே கடன்பட்டிருக்கிறது,” என்றார் நகரத் தலைவர் பெரெங்கேர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு.

“நாட்டுக் கடன் கிடக்கட்டும், தலைவரே. நீங்க பட்ட கடன் எண்ணூறு யூரோ,” என்றாள் ரெமேய், தூரிகையைக் கழுவியபடியே.

தலைவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். அவர் மனைவி அசும்தா, பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எண்ணூறு யூரோ வசந்த காலத்துக் கதை. நகர மன்றச் சுவரில் திராட்சை அறுவடையை வரையச் சொன்னார்கள், ரெமேய் வரைந்தாள். திறப்பு விழாவில் தலைவர் கலையைப் பற்றி நெடுநேரம் பேசி, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார். அதன் பிறகு எதுவும் கொடுக்கவில்லை.

“கோப்பு நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு, ரெமேய். குழு கூடணும். அதுவுமில்லாம, அந்தச் சுவரால உனக்கு எவ்வளவு பேர் கிடைச்சிருக்கு.”

“பேரைச் சொல்லி ரொட்டிக்கடையில கேட்டுப் பாத்தேன். ரொட்டி தர மாட்டேங்கிறாங்க. நாளைக்குள்ள கிறிஸ்துமஸ் சந்தையில கடை வாடகை கட்டணும். கட்டலைன்னா வருஷம் பூரா செஞ்ச பொம்மையெல்லாம் எனக்கு நானே வித்துக்க வேண்டியதுதான்.”

அலமாரி நிறையக் கிறிஸ்துமஸ் குடிலுக்கான மண் பொம்மைகள். தலைவரின் கண் மாடுகளிடமோ மூன்று ராஜாக்களிடமோ போகவில்லை. மேய்ப்பர்களுக்கும் பின்னால், புதரோரமாக வைக்கிற அந்த ஒற்றைப் பொம்மையின் வரிசையில்தான் போய் நின்றது. ஸ்பெயின் நாட்டின் இந்தக் காத்தலோனியா பகுதியில் அது இல்லாத குடில் கிடையாது. வைக்காத வீட்டில் விளைச்சல் இருக்காது என்பார்கள். அதற்கு ஆண்டுதோறும் பேர்பெற்றவர்களின் முகத்தைச் செய்து வைப்பது வழக்கம். ஒருவர் உண்மையிலேயே பெரிய மனிதர்தானா என்பதை ஊர் அதை வைத்துத்தான் முடிவு செய்யும்.

வரிசையில் பிரதமர் இருந்தார். ஒரு கால்பந்து வீரரும் இரண்டு பாடகிகளும் இருந்தார்கள். ஓரத்தில் பக்கத்து ஊர்த் தலைவர் ஃபெலியு.

“ஃபெலியுவா?” தலைவரின் குரல் இறங்கிவிட்டது. “அவன் ஊர்ல ஒழுங்கா ஒரு சாக்கடைகூடக் கிடையாதே.”

“முன்பணம் கொடுத்தார். செஞ்சேன்.”

“அவன் பொண்டாட்டி என்னைப் பாத்தாலே சிரிக்கிறா,” என்றாள் அசும்தா. “‘உங்க வீட்டுக்காரரை இன்னும் குடிலுக்குக் கூப்பிடலையா’ன்னு மீன் கடையில வச்சுக் கேக்கிறா. எங்க போய் முகத்தை வச்சுக்கிறது?”

“எனக்கும் ஒண்ணு செஞ்சுடு, ரெமேய். பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

“பழைய பாக்கி வந்தா களிமண்ணைத் தொடுவேன்.”

“அதுதான் சொன்னேனே, குழு கூடி...”

“ஏங்க,” என்றாள் அசும்தா.

அந்த ஒரு சொல்லில் குழு கூடி, விவாதித்து, தீர்மானமும் நிறைவேற்றிவிட்டது. தலைவர் பொருளாளரைக் கைபேசியில் அழைத்தார். வசந்தத்திலிருந்து நகராத கோப்பு, ரெமேய் கை துடைத்து முடிப்பதற்குள் அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

“இப்ப சொல்லுங்க, தலைவரே.”

“ஃபெலியு மாதிரி இல்லாம, கொஞ்சம் கம்பீரமா வேணும். நின்ற கோலத்தில்?”

“நின்னா அர்த்தமே மாறிடும். உடம்பு எல்லாருக்கும் ஒரே அச்சுதான். பிரதமருக்கும் அதேதான். தலை மட்டும் மாறும்.”

“பிரதமருக்கும் எனக்கும் ஒரே உடம்பு,” என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார் தலைவர். “சரி, மார்பில் பதவிப் பட்டை?”

“அது தனியா இருபது யூரோ.”

“கையில் செங்கோல்?”

“பதினஞ்சு.”

“பதக்கம்?”

“ஒண்ணுக்குப் பத்து. எல்லாம் முன்கூட்டியே.”

அசும்தா கைப்பையைத் திறந்தாள். “முகத்துல நல்லாச் சிரிப்பு இருக்கணும்.”

“சிரிப்பு கூடாதும்மா. லேசாச் சிரமம் தெரியணும். இல்லன்னா பாக்கறவங்க நம்ப மாட்டாங்க.”

“மக்கள் பணியின் சிரமம்,” என்று தலையாட்டினார் தலைவர். “அது எனக்கு இயல்பாகவே வரும்.”

அசும்தா நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். “இத்தனை வாங்கறியே, இலவசமா ஒண்ணும் கிடையாதா?”

“கடைசியில ஒண்ணு வச்சுத் தருவேன். அதுக்கு மட்டும் நான் யார்கிட்டயும் காசு வாங்கினதில்ல.”

சந்தை தொடங்கிய அன்று ரெமேயின் கடைமுன் கூட்டம் நெருக்கியது. வந்தவர்கள் எல்லாரும் புதுப் பொம்மையை எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்த்தார்கள். “அச்சு அசல் நம்ம தலைவர்தான்,” என்றார் மீன் கடைக்காரர். ஃபெலியுவின் மனைவி பட்டையையும் பதக்கங்களையும் பார்த்துவிட்டு, சிரிக்காமல் நகர்ந்தாள்.

தலைவர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, தன் பொம்மையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார்.

“அன்பு மக்களே, இது எனக்குக் கிடைத்த இடமல்ல. உங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த இடம்,” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. ஊரே கைதட்டியது.

அந்த உள்ளங்கை உயரப் பொம்மையில் பெரெங்கேர், மார்பில் பட்டையும் கையில் செங்கோலுமாக, வரிசையில் இருந்த பிரதமரையும் ஃபெலியுவையும் போலவே கால்சட்டையை முழங்கால்வரை இறக்கிவிட்டுக் குந்தியிருந்தார். ரெமேய் இலவசமாக வைத்துக் கொடுத்தது, அவருக்கு நேர் பின்னால், தரையில், பழுப்பு நிறத்தில் இருந்தது.