குழாய் வழியாக

மேசையின் தலைப்பக்கம் சுகாதார அதிகாரி. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். அவருக்கு வலப்புறம் பொறியாளர், இடப்புறம் ஆய்வுக்கூடத்து அம்மா. கதவோரம் ஆடுகிற ஸ்டூலில் வாளியக்கா. பாதாளச் சாக்கடை மூடிகளைத் திறந்து, சோதனைக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

"பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கு வர்றே?" என்றார் அதிகாரி.

"கக்கூஸ் தொட்டி உறிஞ்சுற லாரி எங்க தெருவை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, சார்."

"உனக்கு எப்பப் பாரு ஒரு சாக்கு!"

ஆய்வுக்கூடத்து அம்மா தாளைப் பிரித்தார். "பாலத்தடி மூடியில எடுத்த தண்ணியில மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கு, சார். மூணு வாரமா ஏறிக்கிட்டே போகுது. அங்க வந்து சேர்றது ரெண்டு குழாய்னு பொறியாளர் கொடுத்த வரைபடத்துல போட்டிருக்கு. ஒண்ணு அதிகாரிகள் குடியிருப்பு. இன்னொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கத் தெரு."

"அப்புறம் என்ன யோசனை? அந்தத் தெருதான். ஒரு மாசம் அங்கேருந்து யாரும் சந்தைக்கு வரக் கூடாது, பிள்ளைங்க பள்ளிக்கூடம் வரக் கூடாது. மேலிடத்துக்கு இப்பவே எழுதிடுறேன்."

"ரெண்டு குழாயிலயும் தனித்தனியா எடுத்துப் பார்த்துட்டு..."

"குடியிருப்புல யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

அந்த அம்மா தாளை மடித்து வைத்தார். பொறியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டதோடு சரி.

வாளியக்காவின் வீடு அந்தத் தெருவில்தான். அவள் புருஷனுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. ஒரு மாதம் மூடினால் அடுப்பு எரியாது. ஆடித் தீர்ப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ ஸ்டூலை இழுத்து மேசைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுங்க, சார். மொட்டையா எழுதாதீங்க. அந்தத் தெரு வீடுகள்லேருந்து 'குழாய் வழியாக' வந்ததுன்னு தெளிவா எழுதுங்க."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

"இதைப் படிச்சா மேலிடத்து ஆளுங்க நேர்ல வந்து பார்ப்பாங்களா, சார்?"

"வராம? நாளைக்குக் காலையிலயே உன் தெருவுல வந்து நிப்பாங்க. அப்பவும் இந்த வாய் இருக்குதான்னு பார்க்கிறேன்."

வீம்புக்கென்றே 'குழாய் வழியாக' என்பதற்கு அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார் அதிகாரி. பியூன் உறையை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அது தேய்ந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு வாளியக்கா எழுந்தாள். பொறியாளரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்:

"பதினோரு வருஷமா மனு கொடுக்கிறோம்... எங்க தெருவுக்கு இன்னும் சாக்கடைக் குழாயே போடலையே, சார்!"