இருபத்திரண்டாம் நாள்

“இருபத்தோரு நாள்ல குஞ்சு பொரிஞ்சிருக்கணும், இருபத்திரண்டு நாள் ஆயிடுத்து வர்ஷினி. இன்னும் விட்டா உள்ளயே மூச்சு முட்டிப் போயிடும்.” ஜானு கையில் ஊசியோடு நின்றாள்.

“கை வைக்காதேம்மா. தானா உடைச்சுண்டு வரணும். நாம பிரிச்சா ரத்தம் கசிஞ்சு செத்துடுமாம்,” என்றாள் மகள், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்குபேட்டரில் நான்கு முட்டைகள் அசையாமல் கிடந்தன. ஜானுவின் கணவர் வேதாந்தம் ஆசையாக ஆர்டர் செய்த கடைசிப் பொருள் அது. அவருடைய பதின்மூன்றாம் நாள் காரியத்தன்று கூரியரில் வந்தது.

முட்டை என்ற சொல்லையே உரக்கச் சொல்லாத மயிலாப்பூர் வீடு. வீட்டு வேலை செய்யும் சொர்ணத்தின் காதில்தான் ஜானு கிசுகிசுத்தாள்: “நாட்டுக்கோழி முட்டை நாலு வேணும். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

எதற்கு என்று சொர்ணம் கேட்கவில்லை. மறுநாள் காலை துணியில் சுற்றி, வெதுவெதுப்பாகவே கொண்டுவந்து கொடுத்தாள். அன்றே தன் மகளின் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டு கிளம்பிவிட்டாள்.

“கோழிக்கு அடியிலேர்ந்து அப்படியே எடுத்துண்டு வந்திருக்கா பாரு,” என்று ஜானு நெகிழ்ந்துபோனாள்.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. “குஞ்சு முழுசா வளர்ந்துட்டா வெளிச்சம் போகாதாம்,” என்றாள் வர்ஷினி. லேசாக வாடை வந்தது. கோழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

“இன்னிக்கு ஒரு நாள் பாத்துடலாம்மா.”

“அப்பா நெஞ்சைப் பிடிச்சுண்டப்பவும் இதான் சொன்னோம். வாயுவா இருக்கும், காலம்பர பாத்துக்கலாம்னு.”

வர்ஷினி கைபேசியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு தடுக்கவில்லை.

ஜானு ஒரு முட்டையை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு ஊசி முனையை ஓட்டில் வைத்தாள்.

“மாமி, பேத்தி பொறந்துகீது,” என்றபடி கற்கண்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள் சொர்ணம். ஜானுவின் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னா மாமி, இன்னுமா துன்னாம வச்சிகினு கீறீங்க?”

“திங்கறதுக்கா?”

“பின்ன? உங்க வூட்ல அதுக்கு ஏது பாத்திரம்னுதான் நானே அவிச்சி எடுத்தாந்தேன்.”