முள்ளுக்குத்துக்குப் பெரிய பேர்

"உந்தக் கார்ட்டை நான் கொண்டுபோக ஏலாது, பிள்ளை. வருத்தத்தின்ர பேர் பிழை."

ஆசுப்பத்திரிப் பதிவுக் கந்தோரில் கிருஷிகாவின் மேசைக்கு முன்னால் மூன்றாவது தடவையாக வந்து நின்றார் யோசேப்பு. பேசாலைக் கடற்தொழிலாளி. வலது கையில் கட்டு. அன்று காலைதான் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி, நோயின் பேர் எழுதின கார்ட்டையும் கொடுத்திருந்தார்கள்.

துண்டு வெட்டினவர்களின் வருத்தத்துக்கு உரிய எண்ணைக் கணினியில் பதிவது அவள் வேலை.

"மீன் முள் குத்திய காயம் எண்டு இருக்கு. முள்ளுத்தானே குத்தினது, ஐயா?"

"குத்தினது முள்ளுத்தான். ஆளை விழுத்தினது அதில்லையே. ரத்தத்தில கிருமி ஏறிட்டுது எண்டு டொக்டர் சொன்னவர். செப்... செப்..."

"செப்சிஸ்."

"ஓம், அதுதான். அதை எழுதித் தாங்கோ. பெரிசா."

கிருஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. முள்ளுக் குத்தி ஒன்பது நாள் படுத்தேன் என்று ஊரில் சொல்ல வெட்கமாக்கும். வருத்தத்திலும் ஒரு கெப்பர், ஒரு பெருமை.

ஆனாலும் கோப்பைப் புரட்டினாள். இரத்தத்தில் கிருமி, இறங்கிப்போன பிரசர், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். மனுசன் சொல்வது சரிதான். டொக்டர் எழுதாமல் அவள் எண்ணை மாற்றவும் ஏலாது. கோப்போடு வாட்டுக்கு ஏறினாள்.

டொக்டர் கபிலன் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தார்.

"செப்சிஸ்தான். அவசரத்தில விட்டிட்டன்."

திருத்தின கார்ட்டை யோசேப்பு பட்டம் வாங்கினவர்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

"இனிப் பேசாலையில இவற்ர வீரக்கதைதான்," என்று பக்கத்து மேசைத் தனுசியாவிடம் சொல்லிச் சிரித்தாள் கிருஷிகா.

அடுத்த கிழமை வெளிநோயாளர் பிரிவு வாங்கிலில் ஐந்து பேர், ஆளுக்கொரு விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பேசாலை.

"எல்லாருக்கும் முள்ளுக்குத்தோ? முந்தி இதுக்கெல்லாம் ஒருத்தரும் வாறேல்லையே," என்றாள் கிருஷிகா.

"ஓம் மிஸ், வாறேல்லைத்தான்," என்றான் அவர்களில் ஒருவனான சுபாஸ். "ஞாயிறு பூசை முடிய யோசேப்பு அண்ணை கோயில் வாசலில நிண்டு எல்லாருக்கும் கார்ட்டை வாசிச்சுக் காட்டினவர். காயத்தை ஒரு கிழமை மறைச்ச மடையன் நான் எண்டு தன்னைத்தானே ஏசினவர்."

"அதுக்கு ஏன் பெரிய பேர்?"

"நாங்களும் கேட்டனாங்கள். 'முள்ளுக்குத்து எண்டு வாசிச்சா, சிரிச்சுப்போட்டுக் கடலுக்குப் போயிடுவியள். அதுதான் அந்தப் பிள்ளையோட மல்லுக்கட்டி இந்தப் பேரை வாங்கினனான்' எண்டவர்."