அவளுக்கும் சேர்த்து

அன்று கூடத்தில் இருந்தவர்கள் சிதம்பரநாதன், அவர் மனைவி குழல்வாய்மொழி, மகன் திருமாறன் மூவர் மட்டுமே. ஓய்வுபெறும் சிதம்பரநாதன் தனக்கு எந்த ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்று எழுதிக்கொடுக்க அதுதான் கடைசி நாள்.

“தனியார் திட்டத்துல மாசம் கூட வரும்ப்பா. அரசாங்கத்துல, உங்களுக்கப்புறம் அம்மாவுக்கும் கொடுக்கணும்னு குறைச்சுத்தான் தருவாங்க.” மகன் அதோடு நிறுத்திக்கொண்டான். அவளுடைய புற்றுநோய் ஈரலை எட்டிவிட்டது மூவருக்கும் தெரியும்.

“அவன் சொல்றது சரிதான். உங்களுக்கப்புறம் நான் எங்க இருக்கப்போறேன்?” என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. “இருப்ப. எவன் வாசல்லயும் போய் நிக்காம இருப்ப,” என்று சொல்லி அரசாங்கத் திட்டத்திலேயே கையெழுத்திட்டார்.

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பே அவள் போய்விட்டாள். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மகன் வாயைத் திறக்கும் முன்பே அவர் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.